நீலத் தட்டின் மீது ஒரு புகார்

என் குடல் ஒரு முன்கோபி. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே எட்டிப் பார்த்தாலே சண்டைக்குக் கிளம்பிவிடும். சண்டையில் எதிராளிக்கு ஒன்றும் ஆகாது. தன் வீட்டுச் சாமான்களைத் தானே போட்டு உடைத்துக்கொள்ளும். மருத்துவர் இதற்கு சீலியாக் என்று ஒரு பெயர் சொன்னார். மருந்து கிடையாது, ஆயுள் முழுக்கக் கோதுமையைத் தொடாமல் இருப்பதுதான் மருந்து, ஒரு துணுக்குகூட ஆகாது என்றார். சொல்லிவிட்டுத் தன் மேஜை மேல் இருந்த பிஸ்கட்டை எடுத்துக் கடித்துக்கொண்டார்.

என் குடும்பம் இந்த நோயை இன்னும் அங்கீகரிக்கவில்லை. அம்மா அதை ஒரு கெட்ட பழக்கம்போல நடத்தினாள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்ற பட்டியலில் என் தூக்கத்துக்கும் புத்தகங்களுக்கும் அடுத்தபடியாக அதைச் சேர்த்திருந்தாள். அப்பா "ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதும்மா" என்பார். ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் மருத்துவர் இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாள் எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டு, அதன்மேல் தண்ணீர் கேன் போடுகிறவரின் எண் ஒட்டப்பட்டு, இப்போது கண்ணுக்குத் தெரியாமல் பத்திரமாக இருக்கிறது.

எல்லோருக்கும் மேலே அத்தை. அப்பாவின் அக்கா, எங்கள் வீட்டு மாடியில் இருப்பவர். முப்பத்துநான்கு வருஷம் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிதான் ஓய்வு கொடுத்தது, அத்தை எங்களுக்குக் கொடுக்கவில்லை.

"எங்க காலத்துல இந்த வியாதியே கிடையாது" என்பார்.

"இருந்திருக்கும் அத்தை. பேர் வெச்சிருக்க மாட்டாங்க."

"நிரூபி பார்ப்போம்."

"டாக்டர் ரிப்போர்ட் இருக்கே."

"அது காகிதம். நான் கண்ணால பார்த்தேனா?"

நான் காது கேட்கும் கருவி விற்கும் கடையில் வேலை பார்க்கிறேன். சத்தம் புகாத ஒரு சிறிய அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டும். கேட்டால் அவர்கள் கையில் இருக்கும் பொத்தானை அமுக்குவார்கள். எண்பது வயதுக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு, எங்கோ தூரத்தில் ஒரு பறவைக்குக் காத்திருப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, அவ்வளவு சிரத்தையாகக் கேட்பார்கள். அதன்பிறகு நான் வீட்டுக்கு வருவேன். காது மிக நன்றாகக் கேட்கும் மூன்று பேர் அங்கே எனக்காகக் காத்திருப்பார்கள்.

இரண்டரை வருஷமாக நான் வெளியே எதுவும் சாப்பிட்டதில்லை. கடையில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் எல்லோரும் கேக் சாப்பிடுவார்கள், எனக்கு ஒரு வாழைப்பழம். ஒருமுறை அதையும் முள்கரண்டியோடு ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். மரியாதையாம். தோழியின் நிச்சயதார்த்த விருந்தில் மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு குளிர்ந்த சோற்றைத் தின்றேன். பக்கத்தில் இருந்த பெண்மணி "டயட்டா? எனக்கும் சொல்லித் தாங்களேன்" என்றார்.

அப்படிப்பட்ட நாட்களில்தான் அந்த உணவகத்தைக் கண்டுபிடித்தேன். கடைக்குப் பின்தெருவில், சாவி போடுகிறவருக்கும் சலவைக் கடைக்கும் நடுவே, ஆறே மேஜைகள். முன்பு டயர் கடையாக இருந்த இடம். மழை நாளில் இன்னமும் லேசாக ரப்பர் வாசனை வரும். வாசலில் ஒரு பலகை: "கோதுமை ஆகாதவர்களுக்கும் இங்கே சாப்பாடு உண்டு." அந்த 'உம்'மை நான் நின்று இரண்டுமுறை படித்தேன். என்னை ஒரு மனுஷியாகக் கணக்கில் எடுத்துக்கொண்ட முதல் பலகை அது.

உணவகத்தை நடத்துகிறவர் இருபத்திரண்டு வருஷம் பேருந்து ஓட்டியவர். தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர் அண்ணன். சமைப்பது அவர் மனைவி. முதல் நாள் அவர் என்னிடம் வந்து, "நோயா, ஃபேஷனா?" என்று கேட்டார்.

"நோய்."

"ரொம்ப நல்லது" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதாவது... ஃபேஷன்னா அப்படியே கொண்டு வந்து வெச்சிடுவேன். நோய்ன்னா நான் போய் ஏப்ரனை மாத்திட்டு வரணும். என் சம்சாரத்துக்கும் இதேதான். பதினொரு வருஷமா."

உள்ளே இரண்டு சமையலறைகள் இருப்பதுபோல இருந்தது. ஒரே அறைதான், நடுவில் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் எல்லாம் சிவப்பு. அந்தப் பக்கம் வாணலிப் பிடி, கரண்டி, வெட்டும் பலகை, துடைக்கும் துணி, தட்டு, ஏப்ரன், அத்தனையும் நீலம். நீலத்தைத் தொடும் முன் டிரைவர் அண்ணன் முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவுவார், அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர் மாதிரி.

"சிவப்புக் கரண்டி தவறி நீலத்துல பட்டுச்சுன்னா அன்னைக்கு நீலம் லீவு. பாதி வழியில பிரேக் சந்தேகமா இருந்தா வண்டியை ஓரங்கட்டிடுவேன். எத்தனை பேர் திட்டினாலும் சரி. அதே கதைதான் தங்கச்சி."

காளான் சூப்பும் அரிசிமாவு ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார். ஆவி பறந்தது. இரண்டரை வருஷத்துக்குப் பிறகு வேறொருவர் எனக்காகச் சமைத்த சூடான சாப்பாடு. அன்றைக்கு சூப்பில் உப்பு கொஞ்சம் கூடிப்போனதற்குச் சமையலறை பொறுப்பல்ல.

அதிலிருந்து வியாழன்தோறும் மதியம் அங்கே போனேன். ஜன்னலோர மேஜை, ஒரு புத்தகம், நீலத் தட்டு. ஒன்பது வாரம் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வீட்டில் சொன்னேன்.

அப்பா ஒரு லிஃப்ட் கம்பெனியில் புகார்ப் பிரிவில் இருக்கிறார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள், மாட்டிக்கொள்ளாமல் மாடி ஏறியவர்கள், எல்லோருடைய சாபங்களையும் பத்தொன்பது வருஷம் பொறுமையாக வாங்கிக்கொண்டதற்காக அந்த மாதம் அவரைப் பிரிவுத் தலைவராக்கினார்கள். அதைக் கொண்டாட வெளியே சாப்பிடலாம் என்று முடிவானது.

"உனக்காக உன் இடத்துக்கே போகலாம்" என்றார் அப்பா, ஒரு சிறுநீரகத்தைத் தானம் செய்கிறவரின் குரலில்.

சனிக்கிழமை மாலை ஆறரைக்கு நான்கு பேரும் போனோம். அம்மா நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். அத்தை கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மெனுவை, விடைத்தாளைப் பார்ப்பதுபோல, மேலிருந்து கீழே பார்த்தார். மூன்று சிவப்பு, ஒரு நீலம் என்று சொன்னோம். டிரைவர் அண்ணன் முதலில் சிவப்புத் தட்டுகளை வைத்துவிட்டு, போய்க் கழுவி, ஏப்ரன் மாற்றி, என் நீலத் தட்டையும் கிண்ணத்தையும் தனியாக இரண்டு கையாலும் ஏந்தி வந்தார்.

"ஒரே ஒரு வேண்டுகோள்தான். உங்க ரொட்டி இந்த நீலத்துக்கு மேல பறக்காம பார்த்துக்குங்க. ஒரு துணுக்கு விழுந்தாலும் தங்கச்சிக்குக் கஷ்டம்."

"துணுக்குன்னா எவ்வளவு?" என்று கேட்டார் அத்தை.

"துணுக்குன்னா... துணுக்குதாம்மா."

"எத்தனை மில்லிகிராம்?"

டிரைவர் அண்ணன் தலையைச் சொறிந்தார். "என் சம்சாரத்துக்கு ரொட்டித்தூள் போதும்மா."

"அளவு தெரியாம முடிவு சொல்றது அறிவியல் ஆகாதுப்பா" என்றார் அத்தை கனிவாக. கடைசி பெஞ்சுப் பையனைத் தட்டிக்கொடுக்கும் கனிவு அது. பிறகு என் பக்கம் திரும்பி, "கை கழுவினியாடி?" என்றார்.

"வரும்போதே கழுவினேன் அத்தை."

"அதுக்கப்புறம் மெனுவைத் தொட்ட. ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் தொட்டது. போய்க் கழுவிட்டு வா."

எனக்கு மனம் இளகிவிட்டது. அத்தை கடைசியில் துணுக்குகளை நம்பத் தொடங்கிவிட்டார்! எழுந்து போய்க் கழுவிக்கொண்டு வந்தேன். அப்பா அம்மாவிடம் தன்னுடைய புதிய நாற்காலி சுழலும் என்பதைச் சுழன்று காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். அத்தை மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சாப்பிட்டேன். எல்லோரும் சாப்பிடும்போது, எல்லோரும் சாப்பிடும் மேஜையில், மடியில் டப்பா இல்லாமல் சாப்பிட்டேன். அப்பா லிஃப்டில் மாட்டிக்கொண்ட கல்யாண மாப்பிள்ளையின் கதையை ஆறாவது முறையாகச் சொன்னார். ஆறாவது முறையாகச் சிரித்தேன், நிஜமாகவே. ஜன்னலுக்கு வெளியே சலவைக்காரர் வெள்ளைப் போர்வைகளை இறக்கிக்கொண்டிருந்தார். தெரு முழுக்கக் கப்பல் புறப்படப் போவதுபோல இருந்தது.

"நல்லா இருக்கா?" என்று அத்தை மூன்று முறை கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு அத்தை."

வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரத்தில் என் குடல் சண்டையைத் தொடங்கியது.

மூன்று நாள். விவரம் வேண்டாம். எங்கள் குளியலறைக் கதவின் உள்பக்கம் பதினான்கு திருகாணிகள் இருக்கின்றன, அதில் ஒன்று போலி என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். விடுப்பு கேட்டுக் கடைக்குப் போன் செய்தபோது, முதலாளி "என்ன சாப்பிட்டே?" என்றார். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள், நான் ஏதோ திருடித் தின்றதுபோல.

ஆனால் அந்த மூன்று நாளில் ஓர் அதிசயம் நடந்தது. அத்தை ஒரு நாளைக்கு மூன்று முறை மாடியிலிருந்து இறங்கி வந்து என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?"

"ஒன்பதரை இருக்கும்."

"இருக்கும்னா? ஒன்பதரையா, ஒன்பதே முக்காலா?"

"ஒன்பதரை அத்தை."

"வலி மேல் வயித்துலயா, கீழேயா? இன்னைக்கு எத்தனை தடவை?"

சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். இரண்டரை வருஷத்தில் என் வயிற்றைப் பற்றி இவ்வளவு அக்கறையாக யாரும் கேட்டதில்லை. அவர் போன பிறகு நான் கொஞ்சம் அழுதேன். பாவம், அத்தையைப் பற்றி எவ்வளவு தப்பாக நினைத்துவிட்டோம் என்று.

அப்பா வேறு விதமாக அன்பு காட்டினார். புகார் எழுதினார். பத்தொன்பது வருஷம் வாங்கியே பழகிய கை முதல்முறையாகக் கொடுக்கப் போகிறது. முகத்தில் ஒரு பளபளப்பு. 'சம்பவம்', 'நேரம்', 'பாதிப்பு', 'எதிர்பார்க்கும் நடவடிக்கை' என்று தலைப்புகள் போட்டு, பிழையே இல்லாத ஒரு புகார். எந்தப் பிரிவுத் தலைவரும் அதைக் கையில் வாங்கினால் பொறாமைப்படுவார்.

"வேண்டாம்பா. நான் எழுந்ததும் போய்ப் பேசறேன்" என்றேன்.

"நீ படு. இந்த மாதிரி ஆளுங்களை எனக்குத் தெரியும். முதல்ல இல்லம்பான், அப்புறம் மெக்கானிக் வரலைம்பான்."

நான் அதற்குமேல் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கே சந்தேகம் வந்துவிட்டிருந்தது. அவசரத்தில் ஒரு கை கழுவாமல் விட்டிருக்கலாம். வேறென்ன நடந்திருக்க முடியும்? படுத்தபடி அந்த நீலத் தட்டை நினைத்துக்கொள்ளும்போதெல்லாம், தன்னை ஏமாற்றிய ஒருவரின் கடிதத்தை எடுத்துப் பார்ப்பதுபோல வலித்தது.

அப்பா திங்கட்கிழமை காலை நேரில் போய்ப் புகாரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

நான் புதன்கிழமை வேலைக்குப் போனேன். போகும் வழியில் பின்தெருவுக்குள் திரும்பிப் பார்த்தேன். பலகை இல்லை. அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. உள்ளே டிரைவர் அண்ணன் நீல வாணலிகளை ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நீலத் தட்டுகள் இன்னொரு பெட்டியில். அவர் மனைவி தடுப்புக்கு அந்தப் பக்கம் காலியான அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியோடு உள்ளே போய்விட்டார்.

"உடம்பு எப்படி இருக்கு தங்கச்சி?"

"பரவாயில்லை அண்ணா. இது என்ன?"

"இனிமே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். சிவப்பு மட்டும் ஓட்டிக்கறோம்."

"அப்பா எழுதினதுக்காகவா? அவர் லிஃப்ட் கம்பெனி அண்ணா. அவருக்குத் தெரிஞ்ச ஒரே இலக்கியம் அதுதான்."

அவர் சிரிக்கவில்லை. "அதுக்காக இல்ல. எங்க தப்பு நடந்துச்சுன்னு தெரியல. ரெண்டு நாளா ரெண்டு பேரும் தேடிட்டோம். தெரிஞ்சா திருத்திடலாம். தெரியாத தப்பை உள்ளே வெச்சுக்கிட்டு இன்னொருத்தருக்கு எப்படித் தட்டு வைக்கறது, சொல்லு?"

இனி வியாழக்கிழமை என்று ஒன்று கிடையாது. மறுபடியும் டப்பா, மறுபடியும் தட்டில் வாழைப்பழம். அதைவிட, ஊரிலேயே என்னைப் போன்றவர்களுக்காக முழங்கைவரை கழுவுகிற ஒரே மனிதர் என் வயிற்றால் கையை உதறிவிட்டார்.

"சாயங்காலம் வீட்டுக்கு வரட்டுமா?" என்றார். "அன்னைக்கு யார் என்ன சாப்பிட்டாங்க, எங்க உட்கார்ந்தாங்கன்னு ஒரு தடவை கேட்டுக்கறேன். கடைசியா."

ஆறு மணிக்கு வந்தார். கையில் ஒரு தாள். அப்பா, வெற்றி பெற்றவர்களுக்கே உரிய பெருந்தன்மையோடு நாற்காலி கொடுத்தார். அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். விருந்தாளி வந்தால் மாடியில் இருக்க முடியாத அத்தை, நோட்டோடு இறங்கி வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

டிரைவர் அண்ணன் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னார். காளான் புதுசு. மாவு மூட்டை வேறு அறையில். கரண்டி நீலம். துணி நீலம், அன்று காலை துவைத்தது.

"மிஞ்சறது ஒண்ணுதான். மிளகுத்தூள் டப்பா. ரெண்டு பக்கத்துக்கும் அதே மூட்டையில இருந்துதான் எடுக்கறோம். அதுல ஏதோ கலந்திருக்கணும். இத்தனை நாள் கண்ணுல படல. மிளகுதான்."

"அப்படித்தான் இருக்கும்" என்றார் அப்பா. "ஒத்துக்கிட்டீங்களே, அதுவே பெரிய விஷயம்."

"தப்பு" என்றார் அத்தை.

எல்லோரும் திரும்பினோம்.

"மிளகு இல்ல. ஆதாரமே இல்லாம மிளகுங்கறீங்க. தப்பான முடிவு."

"வேற எதுவும் இல்லையேம்மா."

"இருக்கு. நான்தான் போட்டேன்."

சத்தம் புகாத என் அறையில்கூட இவ்வளவு நிசப்தம் இருந்ததில்லை. அத்தை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைத் திறந்தார்.

"சனிக்கிழமை, ஏழு மணி பத்து நிமிஷம். என் ரொட்டியில இருந்து சுண்டுவிரல் நகம் அளவு பிச்சு சூப்புல போட்டுக் கரைச்சேன். அவ கை கழுவப் போயிருந்தா. அவளுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா மனசு வேலை செய்யும், சோதனை கெட்டுடும். ஒன்பதரைக்கு அறிகுறி. மூணு நாள் நீடிச்சுது." பக்கத்தைப் புரட்டினார். "ஆக, வியாதி உண்மை. இத்தனை நாள் நான் சொன்னது தப்பு. ஒத்துக்கறேன்."

சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார். கைதட்டலுக்குக் காத்திருந்தாரோ என்னவோ. மன்னிப்பு கேட்கத் தோன்றாத ஒருவரால், மிளகைப் பற்றிய ஒரு தப்பான முடிவைச் சகிக்க முடியவில்லை. பெட்டிக்குள் போன வாணலிகளைக் காப்பாற்றியது அத்தையின் மனசாட்சி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

"அண்ணி!" என்றாள் அம்மா. இருபத்தெட்டு வருஷத்தில் அவள் அந்த வார்த்தையை அந்தக் குரலில் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்பாவின் புகார்த் தலைப்புகளில் இதற்கு இடம் இருக்கவில்லை.

டிரைவர் அண்ணன் தாளை நாலாக மடித்தார். "ரெண்டு நாளா என் சம்சாரம் சரியா சாப்பிடலம்மா" என்றார். "ஒரு பொண்ணு வயித்தைக் கெடுத்துட்டேனேன்னு."

"அது எனக்குத் தெரியாதே" என்றார் அத்தை. முதல்முறையாக நோட்டை மூடினார்.

டிரைவர் அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய், செருப்பை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். கண் கொஞ்சம் சிவந்திருந்தது. "அப்ப நாங்க ஒண்ணும் தப்பு பண்ணல?"

"இல்லண்ணா. நீங்க பண்ணல. சந்தேகப்பட்டதுக்கு நான்தான் மன்னிப்பு கேட்கணும்."

"காலையில பலகையை மாட்டிடறேன்" என்றார். போகும்போது படிகளை இரண்டிரண்டாக இறங்கினார்.

நான் உள்ளே வந்தேன். "அத்தை, இனிமே நான் சாப்பிடற மேஜையில நீங்க உட்கார வேண்டாம்."

"ஏன்டி? அதான் முடிவு தெரிஞ்சாச்சே. மறுபடி சோதிக்க அவசியமே இல்லை."

"சோதனை முடிஞ்சது உங்களுக்குத் தெரியும். என் வயித்துக்கு யார் போய்ச் சொல்றது?"

"விளையாட்டா சொல்றியா?"

"இல்லை."

அத்தை அப்பாவைப் பார்த்தார். அப்பா புகாரின் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எதையோ கிழிக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் கேன் போடுகிறவரின் எண்ணாகத்தான் இருக்கும்.

அடுத்த வியாழக்கிழமையே நான் ஜன்னலோர மேஜைக்குப் போனேன். டிரைவர் அண்ணனின் மனைவி முதல்முறையாகத் தடுப்பைத் தாண்டி வெளியே வந்து, சூப்பைத் தானே வைத்துவிட்டு, நான் முதல் கரண்டி குடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனார். அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு அத்தை வந்தார். வெயிலில் நடந்து வந்திருக்க வேண்டும், கழுத்தெல்லாம் வியர்வை. நேராக என் மேஜைக்கு வந்து, எதிர் நாற்காலியின் முதுகில் கையை வைத்தார்.

"உட்காரட்டுமா?"

அத்தை யாரிடமும் எதற்கும் அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை. சரி என்று சொல்லிவிடத்தான் நாக்கு எழுந்தது. சூப்பைப் பார்த்தேன்.

"வேண்டாம் அத்தை. அந்தப் பக்கம் உட்காருங்க."

அத்தை கையை எடுத்துக்கொண்டு, கதவோரக் கடைசி மேஜைக்குப் போனார். சுவரைப் பார்த்துக் கிடந்த நாற்காலியை என்னைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டார். நடுவில் நான்கு மேஜைகள், ஏழு அந்நியர்கள். அங்கிருந்தே அம்மாவின் முழங்கால் வலி, மாடித் தண்ணீர்த் தொட்டியின் அடைப்பு, என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன ஒருவரின் மூக்கு என்று எல்லாவற்றையும் பேசத் தொடங்கினார். ஏழு பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"மூக்கு பெரிசா இருந்தா என்ன அத்தை?" என்று இங்கிருந்து கத்திவிட்டு, நான் சூப்பைக் குடித்தேன்.